அடுத்த இலை எங்கே?

கண்டி மத்திய சந்தையில் கீரை விற்கும் பக்கம் போனால் தெபுக் கட்டுகள் கிடக்கும். சீனி வருத்தத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை இந்தத் தீவு முழுக்க உண்டு. ஆகவே தெபுவைக் கையில் எடுப்பவனிடம் விற்கிற அம்மா முதலில் விலை சொல்ல மாட்டார். "ஐயாவுக்கா, வீட்டில அம்மாவுக்கா?" என்று கேட்டார். "ரெண்டு பேருக்கும் இல்ல. தண்டைப் பார்க்கத்தான்" என்றேன். சீனி வருத்தத்தைவிடப் பெரிய வருத்தம் ஏதோ எனக்கு இருப்பதாக அவர் முகம் சொன்னது.

தெபுவின் தண்டு பார்க்க வேண்டிய பொருள்தான். வெளிச்சவீட்டுக்குள் ஏறும் சுருள் படிக்கட்டு மாதிரி இலைகள் ஏறிப் போகின்றன. ஒவ்வொரு இலையும் முந்தைய இலைக்குப் பக்கத்திலேயே, சற்று மேலே, சற்றுத் திரும்பி நிற்கிறது. தண்டும் அதற்கேற்பத் திருகிக்கொள்கிறது. அழகுக்காக வீட்டு முற்றத்தில் வைப்பவர்களும் உண்டு. ஆனால் செடிகளைக் கொஞ்சம் கவனித்துப் பழகியவர்களுக்கு இந்தப் படிக்கட்டு கண்ணை உறுத்தும். மற்றச் செடிகளில் அடுத்த இலை முந்தைய இலையை விட்டு ஒதுங்கித்தான் முளைக்கும். தெபுவில் மட்டும் அண்ணன் தோளை உரசிக்கொண்டு தம்பி வருகிறான். ஏன் என்று கேட்பதற்கு முன்னால், ஒழுங்காக நடந்துகொள்ளும் செடிகளைப் பார்த்துவிடுவோம்.

என் அம்மாயி ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். பள்ளி விடுமுறையில் அவர் பின்னால் மலையேறிப் போய் நானும் கிள்ளுவேன். "ரெண்டு எல, ஒரு மொட்டு. அதுக்குக் கீழ கை போகப்படாது" என்பார். மொட்டு என்று அவர் சொன்னது பூ மொட்டு அல்ல என்பது எனக்குப் பல வருடம் தெரியாது. அது இன்னும் விரியாத இலை. அதைப் பிரித்தால் உள்ளே இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று வரப்போகிற வாரங்களின் இலைகள் சுருண்டு கிடக்கும்.

தேயிலைக் கிளையொன்றை ஒடித்துக்கொள்ளுங்கள். அடியிலுள்ள ஓர் இலைக்காம்பில் நூலின் முனையைக் கட்டி, அடுத்தடுத்த காம்புகளைத் தொட்டபடி நூலை மேலே கொண்டுபோங்கள். தொடங்கிய இலைக்கு ஏறத்தாழ நேர்மேலே வருவது ஆறாவது இலை. அதற்குள் நூல் தண்டை இரண்டு தரம் சுற்றியிருக்கும். இரண்டு சுற்றில் ஐந்து இலை, அதாவது ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே 144 பாகை. வேலியோரச் செவ்வரத்தையிலும் இதே கணக்கு வரும். பப்பாசி மரத்தில் இலை விழுந்த தழும்புகளை எண்ணினால் பெரும்பாலும் மூன்று சுற்றுக்கு எட்டு என்று வரும், 135 பாகை. வெற்றிலையும் மிளகும் புல்லும் அரைச் சுற்றுக்கு ஒன்றாக இரண்டு வரிசையில் நிற்கின்றன. கோரைக்கு மூன்று வரிசை. நம் சமையலறை ரம்பையும் மூன்று வரிசைதான், ஆனால் அந்த மூன்றும் சேர்ந்து கயிறு முறுக்கினாற்போல் திருகியிருக்கும். கராம்பும் கோப்பியும் துளசியும் ஒரு கணுவில் இரண்டு இலை எதிரெதிரே வைத்து, அடுத்த சோடியைக் குறுக்கே வைக்கின்றன. அலரி மூன்று மூன்றாக வைக்கும். ஏழிலைப்பாலைக்குப் பெயரிலேயே கணக்கு இருக்கிறது, ஆனால் மரம் அதை எப்போதும் மதிப்பதில்லை.

தாவரவியலில் இதற்கு இலையொழுங்கு என்று பெயர். ஒற்றை ஒற்றையாகத் திருகி ஏறும் செடிகளில் கிடைத்த பின்னங்களை எழுதி வைத்துப் பாருங்கள்: 1/2, 1/3, 2/5, 3/8, 5/13. மேலே உள்ள எண்கள் 1, 1, 2, 3, 5. கீழே உள்ளவை 2, 3, 5, 8, 13. எந்த எண்ணும் அதற்கு முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. பேராதனை வீதியோரத்தில் விற்கிற அன்னாசியை வாங்கி அதன் கண்களை இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் சரிவாக எண்ணினால் எட்டு, பதின்மூன்று என்று இந்த எண்களே திரும்ப வரும்.

இந்த வரிசையை உலகம் பிபனாச்சி என்ற இத்தாலியரின் பெயரால் அறியும். அவருடைய நூல் 1202இல் வந்தது. அதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியே விரகாங்கர் என்ற யாப்பிலக்கணக்காரர் இதே எண்களை எண்ணியிருந்தார். 1150 வாக்கில் ஹேமசந்திரர் இன்னும் தெளிவாகச் சொன்னார். அவர்கள் செடியைப் பார்க்கவில்லை, செய்யுளைப் பார்த்தார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது நமக்கும் தெரிந்த கணக்கு. நான்கு மாத்திரையைக் குறிலாலும் நெடிலாலும் எத்தனை விதமாக நிரப்பலாம்? ஐந்து விதமாக. ஐந்து மாத்திரையை எட்டு விதமாக, ஆறை பதின்மூன்று விதமாக. கடைசி எழுத்து குறிலாக இருந்தால் அதற்கு முன் ஒரு மாத்திரை குறைவான வரி இருக்க வேண்டும், நெடிலாக இருந்தால் இரண்டு குறைவான வரி. ஆகவே முந்தைய இரண்டையும் கூட்டினால் விடை கிடைத்துவிடும். முன்னால் வந்த இரண்டு மட்டும் அடுத்ததை முடிவு செய்யும் இந்தத் தன்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், செடியிடம் திரும்பும்போது உதவும்.

பின்னங்கள் நீள நீள அவை காட்டும் கோணம் ஓர் இடத்தை நெருங்குகிறது: ஏறத்தாழ 137.5 பாகை. இந்தக் கோணத்தில் இலைகளை வைத்துக்கொண்டே போனால் எந்த இலையும் இன்னொன்றுக்கு மிகச் சரியாக நேர்மேலே வராது. இதைக் கேட்டவுடன் எல்லோர் வாயிலும் வரும் விளக்கம் ஒன்றுதான்: கீழே உள்ள இலைக்கு வெயில் கிடைக்க வேண்டும் என்று செடி திட்டம் போட்டிருக்கிறது. ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் போனே 1754இலேயே, ஒன்றையொன்று மூடாதபடி இலைகள் அமைந்திருக்கின்றன என்று எழுதினார். பள்ளியில் எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நம்புவதற்கு இனிமையான விளக்கம். எனக்கு அதில் சந்தேகம் வந்தது ஒரு கோப்பிச் செடியிடமிருந்து.

கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் இன்றைக்கும் நாலைந்து கோப்பிச் செடி நிற்கும். நிமிர்ந்து வளரும் நடுத்தண்டில் இலைச் சோடிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக, ஒழுங்குப்படி நிற்கும். பக்கவாட்டில் படுத்து வளரும் கிளையைப் பாருங்கள். எல்லா இலைகளும் ஒரே தட்டில், பாய் விரித்தாற்போல் கிடக்கும். பிறந்தது குறுக்கு மறுக்காகத்தான், வளர்ந்தபின் காம்பும் தண்டும் திரும்பிக்கொண்டு வெயிலுக்கு முகம் காட்டுகின்றன. பிறந்த இடத்தை இவ்வளவு எளிதாகத் திருத்திக்கொள்ள முடியுமென்றால், வெயிலுக்காக இடம் பார்த்துப் பிறக்க வேண்டிய அவசியம் என்ன? 1988இல் அமெரிக்கத் தாவரவியலாளர் கார்ல் நிக்லஸ் கணினியில் செடிகளை வளர்த்துப் பார்த்தார். இலையின் வடிவத்தையும் கணுவிடை நீளத்தையும் மாற்றினாலே, கோணம் பொருந்தாததால் இழந்த வெளிச்சத்தைப் பெருமளவு ஈடுகட்டிவிடலாம் என்று தெரிந்தது. வெயில் ஓர் ஆதாயமாக இருக்கலாம். கோணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அது பதிலாகாது.

பதில் கொழுந்தின் நுனியில் இருக்கிறது. அம்மாயி மொட்டு என்று சொன்னதை ஊசியால் ஒவ்வொரு படலமாகப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே அகலமுள்ள ஒரு மேடு மிஞ்சும். அதன் ஓரத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள். ஒவ்வொரு புடைப்பும் ஓர் இலையின் தொடக்கம். மேடு மேல்நோக்கி வளர வளர, பழைய புடைப்புகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு விலகிப் போகின்றன. விலகியதால் உண்டாகும் இடத்தில் புதிய புடைப்பு. வில்ஹெல்ம் ஹோப்மைஸ்டர் என்ற ஜெர்மானியர் 1868இல் இதற்கு ஒரு விதி சொன்னார்: எங்கே இடைவெளி அதிகமோ அங்கேதான் அடுத்தது. லைப்சிக் நகரத்தில் புத்தகமும் இசைத்தாளும் விற்கும் குடும்பத்தில் பிறந்து, தாவரவியலைத் தானாகவே கற்றவர் அவர். நெரிசலான கண்டி பஸ்ஸில் ஏறுகிறவர் எங்கே போய் நிற்பார் என்று கேட்டால் நாமும் இதைத்தான் சொல்லியிருப்போம்.

இடைவெளி தேடும் ஒரு சாதாரணப் பழக்கம் 137.5 என்ற எண்ணைக் கொண்டுவந்துவிடுமா? 1992இல் பாரிசில் டூவாடி, கூடே என்ற இரண்டு இயற்பியலாளர்கள் செடியே இல்லாமல் இதைச் செய்து காட்டினார்கள். எண்ணெய் நிரம்பிய ஒரு தட்டு. நடுவில் காந்தத்தன்மையுள்ள திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓரத்தை நோக்கி விலகின. மெதுவாகச் சொட்டும்போது, முந்தைய துளி ஒன்றின் தள்ளலை மட்டும் புதுத் துளி உணர்ந்தது, ஆகவே நேர் எதிரே போனது. வெற்றிலை மாதிரி இரண்டு வரிசை. வேகத்தைக் கூட்டியதும் முந்தைய இரண்டு மூன்று துளிகளும் விலகிப் போகாமல் பக்கத்திலேயே நின்றன. எல்லாவற்றையும் தவிர்க்கப் பார்த்த புதுத் துளி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படிச் சாய்ந்து சாய்ந்து சுருள் உண்டானது. வேகம் கூடக் கூடக் கோணம் 137.5 பாகையை நெருங்கியது. அந்தத் தட்டில் வெயிலும் இல்லை, திட்டமும் இல்லை. முன்னால் வந்தவர்களை விட்டு விலகு என்ற ஒரே வழக்கம்தான் இருந்தது.

செடியில் தள்ளுவது காந்தம் அல்ல. ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோன் நுனிமேட்டில் எங்கே தேங்குகிறதோ அங்கே இலை புடைக்கும். புடைத்த இலை சுற்றுவட்டாரத்து ஒட்சினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கிணற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டினால் நீர் ஊறாது, தள்ளித்தான் தோண்ட வேண்டும். அதே நிலைமைதான். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்தில் ரைன்ஹார்ட், குலமையர் ஆகியோர் 2000இல், இலை முளைக்காமல் தடுத்து வைத்த தக்காளிக் கொழுந்தின் நுனியில் ஒரு துளி ஒட்சினை வைத்தார்கள். வைத்த இடத்தில் இலை முளைத்தது. 2003இல், ஒட்சினைச் செலுத்தும் புரதம் அதை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்பதையும் காட்டினார்கள்.

முதல் திருப்பம் இடமா வலமா என்பதில் மட்டும் செடிக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. தென்னந்தோப்பில் நின்று அண்ணாந்து பார்த்தால் சில மரத்தில் மட்டைகள் இடமாகச் சுற்றும், சிலவற்றில் வலமாகச் சுற்றும். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்த டி. ஏ. டேவிஸ் 1960களில் தென்னைகளை ஆயிரக்கணக்கில் எண்ணினார். ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. இடஞ்சுழித் தாய்மரத்தின் தேங்காயிலிருந்து வலஞ்சுழிக் கன்றும் வந்தது.

இப்போது தெபு. அதில் ஓர் இலைக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள கோணம் முப்பது பாகையிலிருந்து ஐம்பது பாகைக்குள் அடங்கிவிடுகிறது. ஹோப்மைஸ்டரின் விதிப்படி பார்த்தால் எதிர்ப்பக்கம் முழுக்கக் காலி, இருந்தும் புது இலை பழையதன் அருகிலேயே வருகிறது. தெபுவில் இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றி முழுக் குழாயாக மூடிக்கொள்கிறது. தண்டிலிருந்து இலையைப் பிய்த்தால் சட்டைக் கை மாதிரி உருவி வரும். இந்தக் குழாய்க்கும் கோணத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. ஆனால் வாழையும் இஞ்சியும்கூட இலையடி உறையாகத் தண்டைச் சுற்றும் உறவினர்கள்தான். இஞ்சி இரண்டு வரிசையோடு நிற்கிறது, வாழை சுருளாகப் போகிறது. காந்தத் துளியில் கிடைத்த அழகான விடை தெபுவிடம் செல்லுபடியாகவில்லை. விதியை மீறுகிற செடி ஏதோ தூரதேசத்து மலையுச்சியில் நில்லாமல், நம் சந்தையில் கட்டுக் கணக்கில் விற்கப்பட்டு சம்பலாகித் தட்டுக்கு வருவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இத்தனை நேரம் இலை, இலை என்று எண்ணினோமே, எது ஓர் இலை? கறிவேப்பிலைக் கொத்தைப் பாருங்கள். நடு ஈர்க்கின் இரு புறமும் இருப்பவை இலைகள் அல்ல, சீறிலைகள். முழுக் கொத்தும் சேர்ந்துதான் ஓர் இலை. சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பது ஓர் இலையின் துண்டை. நெல்லிக்கொத்தும் அச்சு அசல் அப்படியே இருக்கும், ஆனால் அங்கே துண்டு துண்டாக இருப்பவையே முழு இலைகள், நடுவில் இருப்பது மெல்லிய கிளை. எப்படிச் சொல்வது? கக்கத்தைப் பார்க்க வேண்டும். இலை தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும், அது கிளையாகவோ பூவாகவோ வரும். கறிவேப்பிலைச் சீறிலைக்குக் கக்கத்தில் ஒன்றும் இல்லை. நெல்லியிலோ ஒவ்வொரு குட்டி இலையின் கக்கத்திலும் பூ வரும். கீழ்காய்நெல்லி என்று பெயர் வைத்தவர் கொத்தைப் புரட்டி, இலையடியில் வரிசையாகத் தொங்கும் காயைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

தென்னோலையில் கதை வேறு. அதன் நீள நீளத் துண்டுகள் முருங்கையைப் போலத் தனித்தனியாகப் பிறப்பதில்லை. குருத்துக்குள் ஒரே தகடாகப் பிறந்து, விசிறி மடிப்பாக மடிந்து, வெளியே வரும்போது மடிப்போரமாகக் கிழிபடுகின்றன. எங்கே கிழிகிறது என்பதில்தான் தென்னைக்கும் பனைக்கும் வேறுபாடு. தென்னையின் ஒரு கீற்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கவிழ்த்த ஓடு மாதிரி, கூரைபோல் இருக்கும். பனையோலையின் மடிப்பு நிமிர்த்திய பீலி. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் மகாவலி வளைந்தோடும் கரைக்குள் இரண்டு வகைக்கும் மரங்கள் உண்டு. யாழ்ப்பாணத்துப் பனை மலைநாட்டு ஈரத்தில் சாலை மரமாக வரிசை கட்டி நிற்பதை முதல் தரம் பார்த்தபோது, வெளியூரில் சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருந்தது.

பனைக்குப் பெரியவன் தாளிப்பனை. மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவை ஏறும் வழியில் தோட்டங்களுக்கு மேலே தலை நீட்டும். ஒற்றை ஓலை ஐந்து மீட்டர் அகலம் வரும், அதைத் தாங்கும் மட்டை நான்கு மீட்டர் வரை நீளும். 1660இல் கண்டி அரசனிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது வருடம் இந்த மலைகளில் கழித்த ரொபர்ட் நொக்ஸ், ஓர் ஓலைக்குள் பதினைந்து இருபது பேர் மழைக்கு ஒதுங்கலாம் என்று 1681இல் அச்சான தன் நூலில் எழுதினார். அந்த ஓலையை மடித்துத் தூக்கிப் போகலாம் என்பதில்தான் அவருக்கு அதிசயம். குருத்தில் இருந்த மடிப்பு விரிந்த பின்னும் மறப்பதில்லை. இளம் ஓலையை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, அவித்து, உலர்த்தி, தேய்த்து எழுதியதுதான் விகாரைகளில் இன்றும் இருக்கும் ஏடுகள். முப்பதிலிருந்து எண்பது வருடம் வரை ஓலை ஓலையாக வைத்துக்கொண்டே வந்த நுனிமேடு, ஒரு நாள் அடுத்த ஓலைக்குப் பதிலாகப் பூவை வைக்கும். ஆறு, எட்டு மீட்டர் உயரப் பூங்கொத்து. அதற்கப்புறம் நுனி இல்லை, மரமும் இல்லை.

பனையிலும் தென்னையிலும் இருப்பதை நாம் இலை என்று சொல்வதில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஓலை என்கிறோம். கரும்புக்குத் தோகை, தாழைக்கு மடல், நெல்லுக்குத் தாள். தொல்காப்பியத்தின் மரபியல் இதைப் பழக்கமாக விடாமல் பாகுபாடாகவே வைத்திருக்கிறது. வெளிப்பக்கம் வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம். ஓலையும் மடலும் புல்லுக்கு, இலையும் தளிரும் மரத்துக்கு. அந்தக் கணக்கில் தென்னை ஒரு புல். ஒருவித்திலை, இருவித்திலை என்று இன்றைய பாடநூல் பிரிக்கும் கோடும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகிறது.

இலையைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தால் இன்னொரு உலகம். தலதா மாளிகைக்கு எதிரே நாத தேவாலயத்தில் அரச மரம் உண்டு. அதன் உதிர்ந்த இலையொன்றை நீரில் ஊறப்போட்டு அழுகவிட்டால் நரம்பு மட்டும் சல்லடையாக மிஞ்சும், சின்ன வயதில் புத்தகத்துக்குள் வைத்திருப்போம். பெருநரம்பு கிளைத்து, கிளை மறுபடி இன்னொன்றோடு சேர்ந்து, வலையாகப் போகிறது. ஓரிடத்தில் புழு கடித்தாலும் நீர் சுற்றுவழியாகப் போய்ச் சேரும். மழை பெய்தால் அந்த நீண்ட வாலின் வழியே நீர் வடிந்துவிடும், இலை சீக்கிரம் உலரும். உலர்வதில் என்ன லாபம் என்பதைக் கண்டிக்காரர்கள் பெரிய விலை கொடுத்துப் படித்தார்கள்.

பெரும்பாலான மரங்களின் இலைக்கு முதுகும் வயிறும் வேறு. மேற்பக்கத்தில் மெழுகுத் தோல், அதன் கீழே தூண் தூணாக நெருங்கி நிற்கும் பச்சைக் கலங்கள். அடிப்பக்கத்தில் பஞ்சு மாதிரி இடைவெளி விட்ட கலங்கள், காற்று உலவ அறைகள். அடித்தோலில் கதவுகள். இலைவாய் என்று பெயர். சிறுநீரக வடிவில் இரண்டு கலங்கள் உதடுபோல் சேர்ந்து விரியும், மூடும். கரியமில வாயு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் இதன் வழியே. அல்லிக்கு அடிப்பக்கம் நீரில் கிடப்பதால் கதவு மேலே. கோப்பிக்கு எல்லாக் கதவும் கீழே, ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கில்.

1869இல் அந்தக் கீழ்ப்பக்கத்தில் மஞ்சள் கலந்த செம்மண் தூள் தெரிந்தது. பேராதனைப் பூங்காவின் இயக்குநர் த்வைட்ஸ் நோயிலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சைக்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பாதி வழவழப்பான, நாசம் செய்பவள் என்று பொருள். தோட்டத் துரைமார் அதை நாசகார எமிலி என்று கேலியாகக் கூப்பிட்டார்கள், கேலி நெடுநாள் நிலைக்கவில்லை. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அரசாங்கம் பேராதனைக்கு அனுப்பியது. இரண்டு வருடம் நுண்நோக்கியோடு உட்கார்ந்து அவர் கண்டது இதுதான்: காற்றில் வரும் வித்து, இலையில் ஈரம் கிடைத்தால் முளைக்கிறது. முளைத்த இழை அடித்தோல்மேல் ஊர்ந்து ஓர் இலைவாயைக் கண்டுபிடித்து உள்ளே இறங்குகிறது. பஞ்சுக் கலங்களுக்கிடையே பரவி, பசி தீர்ந்ததும் அதே இலைவாய் வழியாகப் பூச்செண்டு மாதிரி புது வித்துகளை வெளியே நீட்டுகிறது. செடி மூச்சு விடும் வாசலே வரவும் போகவும் வழியாயிற்று. வார்ட் இன்னொன்றும் சொன்னார்: மலை மலையாக இடைவிடாமல் ஒரே செடியை நட்டால், காற்றில் போகும் வித்துக்கு எங்கே விழுந்தாலும் கோப்பியிலைதான். துரைமார் எதிர்பார்த்தது மருந்து, கிடைத்தது விளக்கம். 1870களின் முடிவில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்த கோப்பி, அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் ஒழிந்துபோயிற்று.

அந்த இடத்தில் தேயிலை வந்தது. அசாம் விதைகள் 1839இலேயே பேராதனைக்கு வந்திருந்தன. 1867இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பி போய்த் தேயிலை வந்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது வழக்கம். என் கண்ணில் அந்த மாற்றம் வேறு மாதிரி படுகிறது. கோப்பியில் பறிப்பது பழம், பழத்துக்குப் பருவம் உண்டு. மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் செத்தவர்கள் போக, மிஞ்சியவர்களில் பலர் அந்தப் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலையில் பறிப்பது இலை. நுனிமேடு ஓர் இலையை வைத்து, அடுத்ததை வைக்க எடுக்கும் சில நாள்தான் அதன் கடிகாரம். கண்டிப் பக்கத்தில் ஒரே மலையைச் சுற்றிவர ஏறத்தாழ ஒரு வாரம், குளிர் கூடிய நுவரெலியாவில் இலை பிந்தி விரிவதால் இன்னும் சில நாள். பிந்தினால் இலை முத்திவிடும். ஆண்டு முழுக்க ஓயாத அந்தக் கடிகாரத்துக்கு ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். வந்தவர்கள் லயத்தில் தங்கினார்கள், குடும்பத்தோடு தங்கினார்கள். என் அம்மாயியின் பாட்டி அப்படித் தங்கியவர்களில் ஒருவர்.

கொழுந்தைக் கிள்ளுவதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. நுனி இருக்கும்வரை கீழே கக்கங்களில் உள்ள மொட்டுகள் உறங்கும், நுனியிலிருந்து இறங்கும் ஒட்சின் அவற்றை எழ விடாது. நுனி போனதும், விட்டுவைத்த இலையின் கக்க மொட்டு விழிக்கும், தனக்கென்று ஒரு நுனிமேட்டோடு இலைகளை வைக்கத் தொடங்கும். மேலே கிள்ளக் கிள்ள பக்கவாட்டில் பெருகி, மரமாக வேண்டிய தேயிலை இடுப்பளவு மேசையாகிறது. மட்டக்கம்பை அந்த மேசைமேல் வைத்துப் பார்த்து, கம்புக்கு மேலே நிற்பதை மட்டும் பறிப்பார் அம்மாயி. இலைக்கு அடியில் கைபோகக் கூடாது என்று அவர் அதட்டியது கக்க மொட்டுக்காகவும் இருக்கலாம். அவர் அதை அப்படிச் சொல்லவில்லை. "அது கீழ இருந்தாத்தான் அடுத்த வாரம் நமக்குச் சோறு" என்பார்.

போன மாதம் அவர் வேலை செய்த மலைப்பக்கம் போனேன். கவ்வாத்து வெட்டி முடித்து, முழங்கால் உயரத்துக்குக் கட்டைகள் மட்டும் நின்றன. சாம்பல் நிறத் தண்டில் பழைய இலைகள் விழுந்த தழும்புகள் மங்கலாகத் தெரிந்தன. குனிந்து ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று தண்டைச் சுற்றி விரல் போயிற்று. ஆறாவது தழும்பின் மேல்விளிம்பில், அரிசிமணியில் பாதி அளவுக்கு, பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது.